ஹந்தானையில் ஓர் ஓவியப் பாடம்

கண்டி நகரிலிருந்து தென்மேற்கே நோக்குவார்க்கு நெடுமதில்போல் நிமிர்ந்து தோன்றுவது ஹந்தானை மலைத்தொடர். அதன் அடிவாரத்திலே பேராதனைப் பல்கலைக்கழகம். சரிவிலே, 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை இன்று நூதனசாலையாக விளங்குகிறது. அதற்கும் மேலே மானாப்புல் அலைவீசும் வெளி.

சென்ற தை மாதத்திலே ஒருநாட் காலை, நாம் மாணவர் சிலருடன் அம்மலைப் பாதையில் ஏறினோம். பனி விலகியபோது நான்கு பசுக்கள் மேய்ந்துகொண்டிருக்கக் கண்டோம். "பிஸாரோவின் ஓவியம்போல இருக்கிறதே!" என்றான் ஒரு மாணவன். வகுப்பிலே நாம் காட்டிய படம் அவன் நெஞ்சில் நின்றிருந்தது.

கமீல் பிஸாரோ மேற்கிந்தியத் தீவொன்றில் 1830இல் பிறந்தவர். பிரான்சு நாட்டிலே இம்பிரெஷனிசம் எனும் மனப்பதிவு நெறியினர் 1874 முதல் 1886 வரை நடத்திய எட்டுக் கண்காட்சிகளிலும் பங்குகொண்டவர் அவர் ஒருவரே. 1884இல் எராக்னி என்ற சிற்றூரிற் குடியேறி, அவ்வூர்ப் புல்வெளிகளையும் பசுக்களையும் உழைக்கும் மக்களையும் தீட்டினார். நிழலிலும் நீலமும் ஊதாவும் உண்டென்பது அந்நெறியினர் கண்ட உண்மை. பசுவின் நிழலை உற்றுப் பார்க்குமாறு மாணவருக்குக் கூறினோம். பனி நனைந்த புல்லின்மேல் அது நீலம் பாரித்துக் கிடந்தது. வெயில் ஏற ஏற நிறம் மாறிற்று.

"படத்திலே மாட்டருகில் ஒரு பெண் நிற்கிறாளே, இங்கே ஒருவரையும் காணோமே!" என்றாள் ஒரு மாணவி.

திரும்பிப் பார்த்தோம். தலையிற் புற்கட்டுடன் ஓர் அம்மையார் நமக்குப் பின்னாலேயே ஏறி வந்துகொண்டிருந்தார். வழியிலே அவரைக் கடந்தே வந்திருந்தோம்; நம்முள் ஒருவரும் கவனித்திலோம். கட்டை இறக்கிவைத்து, "எல்லாம் நம்ம மாடுதாங்க ஐயா. பால் காசுலதான் மக படிக்குது, இனிக் கொழுந்துக்குப் போகணும்," என்றார்.

நமக்கு நாணமாயிற்று. இவர்தம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து இம்மலைகளைத் தோட்டங்களாக்கியவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்மக்களிற் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். எஞ்சியிருந்தோர்க்கும் அது கிடைக்க 2003ஆம் ஆண்டாயிற்று. நாடே அவர்களைக் காணாதிருந்த காலம் அது. அன்று காலை நாமும் அவ்வாறே நடந்துகொண்டோம்.

பிஸாரோவின் ஓவியத்திலே பசுவின்மேல் விழும் ஒளி, அதை மேய்ப்பவள்மேலும் குறைவின்றி விழுகிறது. ஹந்தானைக்குச் செல்லும் அன்பர்கள் பனியையும் புல்வெளியையும் கண்டு மகிழ்க. புற்கட்டுச் சுமந்து வருவோர்க்கு வழிவிட்டு, ஒரு வார்த்தை பேசியும் வருக.