சிவப்பு மை செய்த தப்பு!

தமிழ் டீச்சருக்கு இரண்டு ஆயுதங்கள். ஒன்று தொண்டை. இன்னொன்று சிவப்பு மைப் பேனா. காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கும் நான், இரண்டையும் இருபது வருடமாகத் தாராளமாகவே பயன்படுத்தினேன். ஆனாலும் பிள்ளைகள் ‘கூழ்’ என்பதை ‘கூள்’ என்று எழுதுவது நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மாமியார் வார இதழின் குறுக்கெழுத்துப் புதிரோடு உட்கார்ந்திருந்தார். “அட, இது பொருந்தலையே” என்றபடி, எழுதியதைத் தானே ரப்பரால் அழித்தார். யாரும் திருத்தவில்லை, கட்டமே தவறைக் காட்டிக்கொடுத்தது. இதை வகுப்புக்குக் கொண்டு போனால் என்ன?

1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட புதிர்தான் இன்றைய குறுக்கெழுத்துக்கு முன்னோடி. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். நமக்கோ 247! உயிர்மெய் எழுத்துக்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்க்குத் தனியாக ஒரு கட்டம். ‘படம்’ மூன்று கட்டம், ‘பட்டம்’ நான்கு. ஒற்றை விட்டால் ஒரு கட்டம் காலியாகப் பல்லிளிக்கும்.

கரும்பலகையில் முதல் புதிரைப் போட்டேன். மேலிருந்து கீழ்: ‘ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றுவது’. வழக்கம்போல ‘கூள்’ வந்தது. அதே கடைசிக் கட்டத்தில் முடியும் இடமிருந்து வலம்: ‘நம் தாய்மொழி’. நிரப்பிப் பார்த்தால் ‘தமிள்’! வகுப்பே சிரித்தது. எழுதிய பெண்ணே ஓடி வந்து அழித்து, ‘ழ்’ போட்டாள்.

இலக்கணமும் கட்டத்துக்குள் வந்தது. ‘பாடு – இறந்தகாலம் – அவள்’ என்றால் பாடினாள், நான்கு கட்டம். ‘அவர்கள்’ என்று மாற்றினால் பாடினார்கள், ஆறு கட்டம். திணை, பால், காலம் எல்லாம் விரல் விட்டு எண்ணும் விஷயமாகிவிட்டது.

ஒரு குறையும் இருந்தது. நன்றாகப் படிப்பவர்கள் ஐந்து நிமிடத்தில் முடிப்பார்கள்; மற்றவர்கள் எட்டிப் பார்த்து எழுதுவார்கள். அதனால், “இனிமேல் புதிரை நீங்களே போடுங்க. உங்க வீட்டுல புழங்குற வார்த்தை ஒண்ணாவது அதுல இருக்கணும்” என்றேன்.

மறுநாள், கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் தயங்கித் தயங்கித் தன் புதிரைக் கரும்பலகையில் எழுதினான். வாய் திறக்காத பிள்ளை. ‘பாவுக்குக் குறுக்கே ஓடுவது – 2 கட்டம்.’ முதல் ரேங்க் மாணவி உதட்டைப் பிதுக்கினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ‘நூல்’ என்று நிரப்பினேன். முதல் கட்டத்திலிருந்து கீழே இறங்கிய குறிப்பு, ‘ஆடும், ஆனால் நடனம் தெரியாது’. அது ஊஞ்சல். ‘நூ’ பொருந்தவில்லை. டஸ்டரை எடுத்து நானே அழித்தேன். அடுத்து என்னவென்று தெரியவில்லை.

“ஊடை, டீச்சர்” என்றான். “தறியில நீளமா இருக்கிற நூல் பாவு. குறுக்கே நெய்யறது ஊடை. அன்னைக்குக் கட்டுரையிலகூட எழுதினேனே…” பாதியில் நிறுத்திவிட்டான்.

எனக்கு நினைவு வந்தது. ‘என் குடும்பம்’ கட்டுரை. ‘அம்மா ஊடைக்கு நூல் சுற்றுவார்’ என்று எழுதியிருந்தான். குறில், நெடில்கூடத் தெரியவில்லையே என்று, ‘ஊ’வைச் சுழித்து ‘உடை’ என்று சிவப்பு மையால் திருத்தி, அரை மதிப்பெண்ணும் குறைத்திருந்தேன். நான் உடுத்தியிருக்கும் பட்டுச் சேலையில் பாதி ஊடைதான். அந்த வார்த்தை எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரியாது என்று முடிவு கட்டியிருக்கிறேன். தப்பு என்னுடையது என்று தெரிந்தும், இத்தனை நாள் அவன் கேட்கவே இல்லை.

பழைய நோட்டை எடுத்து வரச் சொன்னேன். என் திருத்தத்தை அடித்துவிட்டு, ‘நீ எழுதியதுதான் சரி. டீச்சர் திருத்தியது தப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதை எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தவன், மெதுவாகக் கேட்டான்:

“அப்போ அந்த அரை மார்க், டீச்சர்?”

கொடுத்துவிட்டேன்.