எதிர்ச்சொல்லைக் கேட்டுப் பாருங்கள்

பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். ஆங்கிலத் தேர்வில் ஒத்த சொல்லுக்கும் எதிர்ச்சொல்லுக்கும் ஒரு மதிப்பெண் கேள்விகள் உண்டு. அதற்காக ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் நடந்துகொண்டே, "த்ரிஃப்டி, ஃப்ரூகல், பார்சிமோனியஸ்" என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கிறாள். மூன்றாவது சொல் காதில் விழுந்ததும் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு அவளைப் பக்கத்தில் கூப்பிட்டேன்.

அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஆசிரியர் வேலையில் சேர்ந்த புதிது. ஓய்வு பெறும் தலைமையாசிரியருக்கு ஆங்கிலத்தில் பாராட்டு மடல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. சாக்பீஸ் துண்டைக்கூட வீணாக்காத மனிதர் அவர். மிச்சம் பிடித்த பணத்திலேயே இரண்டு வகுப்பறைகளுக்கு ஓடு மாற்றியவர். அந்தக் குணத்தைச் சொல்ல 'எகனாமிகல்' போதாது என்று நினைத்து, புத்தகத்தில் ஒத்த சொல் தேடி 'பார்சிமோனியஸ்' என்று எழுதினேன். மடலை அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் நானே வாசித்தேன். அவர் முகம் மாறவில்லை. விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தார். "தம்பி, அந்தச் சொல்லுக்குக் கருமி என்று அர்த்தம். யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும்" என்றார். நன்றியோடு எழுதிய மடலில் ஒரு நல்ல மனிதரை வைதுவிட்டேன். அந்த வலி இன்னும் போகவில்லை.

அன்றைக்கு அவரே ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தார். சந்தேகம் வந்தால் எதிர்ச்சொல்லைக் கேள் என்றார். த்ரிஃப்டிக்கு எதிர் எக்ஸ்ட்ராவகன்ட், அதாவது ஊதாரி. பார்சிமோனியஸுக்கு எதிர் ஜெனரஸ், கொடையாளி. எதிரே ஊதாரி நின்றால் இவன் சிக்கனக்காரன். எதிரே கொடையாளி நின்றால் இவன் கஞ்சன். சிக்கனமும் கஞ்சத்தனமும் ஒன்றில்லை என்று நம் வீட்டுப் பாட்டிகளுக்கே தெரியும். ஆங்கிலம் என்று வந்ததும் அதை மறந்துவிடுகிறோம்.

ஒரே சொல்லுக்கும் இடத்துக்கு இடம் எதிர்ச்சொல் மாறும். ஃப்ரெஷ் பிரெட்டுக்கு எதிர் ஸ்டேல். ஃப்ரெஷ் வாட்டருக்கு எதிர் சால்ட் வாட்டர். இது நமக்குப் புதிதல்ல. நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு எதிர் உப்புத் தண்ணீர்க் கிணறுதானே? கெட்ட தண்ணீர்க் கிணறு என்று யாரும் சொல்வதில்லை.

ஆங்கிலத்தில் இத்தனை ஒத்த சொற்கள் சேர்ந்ததற்கு வரலாறு இருக்கிறது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரண்மனைக்கும் நீதிமன்றத்துக்கும் பிரெஞ்சு வந்தது. திருச்சபையும் படிப்பும் லத்தீனில் நடந்தன. அதனால்தான் கேட்பதற்கு மூன்று சொல்: ஆஸ்க் பழைய ஆங்கிலம், கொஸ்டின் பிரெஞ்சு வழி வந்தது, இன்டராகேட் லத்தீன். அம்மா பிள்ளையிடம் கேட்பது ஆஸ்க். போலீஸ்காரர் பிடித்துவைத்துக் கேட்பது இன்டராகேட். பேத்தியின் நோட்டில் இந்த மூன்றும் நடுவில் சமக்குறி போட்டு எழுதப்பட்டிருந்தன. அந்தச் சமக்குறிகளை அவள் கையாலேயே அடிக்கச் சொன்னேன்.

ரோஜெட் என்ற ஆங்கில மருத்துவர் தம் சொற்களஞ்சியத்தை 1852இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 73. அதில் சொற்களைக் கருத்துவாரியாகப் பிரித்து, ஒரு கருத்துக்கும் அதன் எதிர்க்கருத்துக்கும் உரிய சொற்களைப் பக்கத்தில் எதிரெதிரே நிறுத்தினார். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே நம்மவர்கள் திவாகரம், பிங்கலம் என்ற நிகண்டுகளைத் தொகுத்துவிட்டார்கள். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். கூடவே பாட்டும் படித்தார்கள். சொல் எங்கே எப்படி உட்காரும் என்பது அங்கே பிடிபட்டது. மனப்பாடம் தவறே இல்லை. அதோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு.

இப்போது பேத்தி ஒரு நாளைக்கு மூன்று சொல்தான் படிக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எதிர்ச்சொல், தெரிந்த மனிதர் ஒருவரை வைத்து ஒரு வாக்கியம். நேற்று த்ரிஃப்டிக்கு அவள் பாட்டியை எழுதினாள்.

வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் இருபது சொல்லை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். ஒரே ஒரு சொல்லை எடுத்து, "இதை யாரைப் பார்த்துச் சொல்லலாம், யாரைப் பார்த்துச் சொல்லக் கூடாது?" என்று கேளுங்கள்.