அறளை பெயர்ந்தவரின் கைகள்

முதியவர் ஒருவர் சொன்னதையே திரும்பச் சொல்லி, உண்டதை மறந்து மீண்டும் சோறு கேட்பாராயின், “அறளை பெயர்ந்துவிட்டது” என்று தீர்ப்பளித்துவிடுவது நம்மவர் வழக்கம். அதன் பின் அவர் கையில் ஒரு தேநீர்ப் பேணியைக்கூட எவரும் நம்பிக் கொடுப்பதில்லை. ஜேர்மனிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் 1906இல் இந்நோயின் ஒரு வகையை எடுத்துரைத்தார். அவ்வகையில், புதிய நிகழ்ச்சிகளை மனத்திற் பதிக்கும் மூளைப்பகுதி முதலிலேயே பழுதுறுகின்றது. பல்லாண்டு பழகிய கைத்தொழிலைக் காக்கும் பகுதிகளோ நெடுநாள் தப்பி நிற்பதுண்டு. பராமரிப்போர்க்குக் கற்பிக்கவேண்டிய முதற்பாடம் இதுவே என்பது, தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற என் துணிபு.

மன்னார்த் தீவிலே, பேசாலையில், என் பெரியம்மாவுக்கு இந்நோய் கண்டபோது அவர் மகள் ஓர் இளம்பெண்ணைத் துணைக்கு அமர்த்தினாள். நல்ல பெண், சுறுசுறுப்பானவள். அச்சுறுசுறுப்பே கேடாயிற்று. சோற்றை ஊட்டினாள், தலை வாரினாள், சேலையும் உடுத்திவிட்டாள். மூன்று மாதத்தில் பெரியம்மா, சோறு எதிரே இருந்தும் கைகளை மடியில் வைத்தபடி வாய் திறந்து காத்திருக்கலானார். இதில் நோயின் பங்கு எவ்வளவு, உபசாரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். பின்னதையேனும் நிறுத்தலாம் அல்லவா?

ஒரு மாதம் அங்கு தங்கி அப்பெண்ணைப் பழக்கினேன். வெள்ளைச் சோற்றை வெள்ளைத் தட்டில் இட்டால் மங்கிய கண்ணுக்குப் புலப்படாது. நீலத் தட்டில் இடு. “குளித்துவிட்டு வாருங்கள்” என்று ஏவாதே. வாளியைக் காட்டு, பேணியைக் கையிற் கொடு, பிறகு காத்திரு. காத்திருப்பதுதான் அவளுக்குப் பெருஞ் சிரமம். பத்து எண்ணும்வரை கைகளைப் பின்னே கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

பின்னர் சார்வோலை கொண்டுவந்தோம். பெட்டியும் கடகமும் இழைத்துக் குடும்பத்தைக் காத்தவர் பெரியம்மா. ஓலை மடியில் விழுந்ததும் விரல்கள் தாமாகவே ஈர்க்கைத் தேடின. மகளுக்கோ பொறுக்கவில்லை. “சம்பளத்துக்கு ஆள் வைத்துவிட்டுக் கிழவியிடம் வேலை வாங்குகிறாள் என்று ஊர் பேசாதோ, அக்கா?” என்றாள். ஊர் பேசத்தான் செய்யும். ஆனால் அவளது மற்றோர் அச்சம் நியாயமானது: ஓலை வாரும் சத்தகம் கூரியது. ஆகவே வார்வது அப்பெண்ணின் வேலை, இழைப்பது பெரியம்மாவின் வேலை என்று ஏற்பாடாயிற்று. கடற்கரைப் பக்கத்துப் படலையை மாத்திரம் பூட்டிவைத்தோம்.

இது என் கண்டுபிடிப்பன்று. மரியா மொண்டிசோரி அம்மையார் 1907இல் உரோமையிற் சிறுவர்க்காகத் தொடங்கிய முறையை, 1990களில் அமெரிக்க உளவியலாளர் கமரன் காம்ப் மறதி நோயாளர்க்கு ஏற்ப மாற்றியமைத்தார். அம்மையார் 1944இல் இலங்கைக்கும் வந்தவர். எனினும், முதியவரைக் குழந்தையென்று கொஞ்சுவது எனக்கு உடன்பாடன்று.

பெட்டி கோணலாகத்தான் அமைந்தது. பெரியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஓலையைப் பிழையாய் வார்ந்திருக்கிறாய், பிள்ளை” என்று அப்பெண்ணைக் கடிந்துகொண்டார்.

நோய் நிற்கவில்லை. இவ்வாண்டு மகளின் பெயரும் அவருக்கு மறந்துபோயிற்று. சோற்றை மட்டும் இன்னும் தம் கையாலேயே பிசைந்து உண்கிறார்.