ஒழுகும் இடம்

புரட்டாசி பிறந்துவிட்டால் அம்மாவுக்கு உட்கார நேரம் இருக்காது. ஐப்பசி மழைக்கு வீட்டைத் தயார் செய்ய வேண்டும்.

மண்டகப்பட்டில் எங்கள் வீட்டுக்கு முன்பக்கம் ஓடு, பின்பக்கம் கரும்புத் தோகைக் கூரை. மக்கிய தோகையைப் பிரித்துப் புதிதாக வேய ஆள் வருவார், கூலி வாங்கிப் போவார். அந்தத் தோகையைக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து சேர்ப்பது அம்மா. சுவர் வெடிப்பில் மண் குழைத்து அப்புவது, தண்ணீர் உள்ளே ஏறாமல் வாசலோரம் வழி வெட்டுவது, வறட்டியையும் விறகையும் பரணில் ஏற்றுவது, விதைக் கடலையைக் காயவைத்துக் கட்டுவது, தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் பத்திரப்படுத்துவது, மார்கழிப் பனிக்குப் பழைய சேலைகளை அடுக்கிப் போர்வை தைப்பது எல்லாமே அம்மாதான். இவற்றுக்குக் கூலி இல்லை. "வீட்டு வேலதானே" என்பார் அப்பா.

எங்கள் ஊரில் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரம்மா, ஈசுவரன், விஷ்ணுவுக்காக இதை உருவாக்கியதாக, விசித்திரசித்தன் என்ற தன் பட்டப்பெயரைப் போட்டுக் கல்வெட்டில் சொல்லியிருக்கிறான். பள்ளியில் இதைப் பெருமையோடு ஒப்பித்தேன். பாறையைக் கொத்தியவர்கள் யார் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அப்பா இறந்த மறு வருடம், 2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை. எங்கள் பின்சுவர் சரிந்தது. இருட்டில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அம்மா தனியாக நின்றிருக்கிறார். நான் சென்னையில், நாலாவது மாடி வாடகை வீட்டில், ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கினேன்.

அடுத்த வாரம் அண்ணன் சொன்னார்: "இத வித்துடலாம். நீ எங்கூட வந்துடும்மா. தங்கச்சி ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

நானும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தேன். பிறந்த வீட்டு உறவு கெடக்கூடாதே என்ற பயம். அம்மாதான் கேட்டார்: "அவ பங்க அவ குடுப்பா. என் பங்க யாரு கேட்டீங்க?"

அந்த மனை அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் உயில் எழுதவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. இந்தச் சட்டத்தைப் பற்றி வகுப்பில் பேசியிருக்கிற நான், அம்மாவை ஒரு வாரிசாக நினைத்துப் பார்த்ததே இல்லை. அண்ணன் வீட்டில் இருப்பதா, என் வீட்டில் இருப்பதா என்று மட்டும்தான் யோசித்திருந்தேன்.

நான் கையெழுத்துப் போடவில்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மூன்று பேர் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு மனு கொடுத்திருக்கிறோம். அண்ணன் இப்போது என்னோடு பேசுவதில்லை. அது வலிக்கத்தான் செய்கிறது.

மறுபடியும் புரட்டாசி. லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். இரண்டு நடை தோகை சுமந்ததற்கே கழுத்து பிடித்துக்கொண்டது. அம்மா மூன்றாவது கட்டைத் தூக்கிவிடச் சொல்லி நிற்கிறார்.