கடலுக்குள் ஒரு நெசவு

எடப்பாடியில் சரபங்கா ஆறு உண்டு, தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் உண்டு, கடல்தான் கிடையாது. எங்கள் வீட்டில் கடலின் ஒரே அடையாளம், அம்மா பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் சோழிகள். அதனாலோ என்னவோ, ராமேஸ்வரம் போகும் வழியில் பாம்பன் கரையில் இறங்கியதும் பேரனைவிட அம்மாவுக்குத்தான் குஷி.

மீனவர் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். விரல் நீளத்தில், கூம்பு வடிவில் சங்கு போல ஒன்று மணலில் விழுந்தது. வெள்ளையும் மஞ்சளும் பழுப்புமாக, முக்கோணக் கட்டங்கள். "நம்ம தறியில ஓட்டுன சேலையாட்டமே இருக்குது பாரு!" என்றார் அம்மா. மகன் கையை நீட்டிவிட்டான்.

"தம்பி, தொட்டுராத! அது உசுரோட கெடக்கு!"

மீனவர் போட்ட சத்தத்தில் கை பின்வாங்கியது. அவர் ஒரு மட்டையால் அதை அள்ளிக் கடலில் விட்டார்.

அது கூம்பு நத்தை. அம்மா சொன்னதில் தப்பே இல்லை. அதன் அறிவியல் பெயரே 'கோனஸ் டெக்ஸ்டைல்'. 1758-ல் லின்னேயஸ் வைத்த பெயர். நெய்த துணி என்று பொருள்.

மெதுவாக ஊரும் இந்த இனம் வேட்டையில் மின்னல். ஈட்டி போன்ற உள்ளீடற்ற பல்லைப் பாய்ச்சி விஷத்தைச் செலுத்தும். சில வகைகள் மீனையே பிடிக்கும். சில வகைகள் கொட்டினால் மனித உயிருக்கே ஆபத்து. விஷமுறிவு மருந்து இல்லை. மூச்சு நிற்காமல் காப்பாற்றுவதே சிகிச்சை என்பதால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஓட்டின் எந்தப் பக்கத்தைப் பிடித்தாலும் அதன் குழல் எட்டிவிடும். பையில் போட்டுக்கொள்வதும் ஆபத்துதான்.

இன்னொரு அதிசயம்: இதே குடும்பத்தின் 'கோனஸ் மேகஸ்' நத்தையின் விஷத்தைப் பார்த்து உருவான 'சிக்கோனோடைட்' என்ற மருந்துக்கு 2004-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. வேறு மருந்துக்கு அடங்காத கடும் வலிக்கு, தண்டுவட நீரில் நேரடியாகச் செலுத்துகிறார்கள்.

பாம்பனை அடுத்து விரியும் மன்னார் வளைகுடா 1986 முதல் தேசியப் பூங்கா. 21 தீவுகள் கொண்டது. அங்கே போகிறவர்கள் அழகான சங்கைக் கண்ணால் மட்டும் பாருங்கள்.

ஊர் திரும்பும்போது அம்மாவிடம், "என்னம்மா, வெறுங்கையோட வந்துட்டோமே?" என்றேன்.

"வெறுங்கையா? அந்த டிசைன் மனசுல இருக்குதே, போதும்!" என்றார். பக்கத்தில் மகன், பத்து விரலும் பத்திரமாக, தூங்கிக்கொண்டிருந்தான்.