பொருந்தாமையின் மொழி

வண்டியொன்று வளைவிலே திரும்பும்பொழுது அதன் வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லிலும் கூடிய தூரம் ஓடவேண்டியுள்ளது. ஒரே எஞ்சினால் இயக்கப்படும் இரு சில்லுகளும் வெவ்வேறு வேகத்திற் சுழல இடங்கொடுப்பதே டிபரன்சல் என்னும் அமைப்பாகும். பிரான்சு நாட்டுக் கடிகாரக் கலைஞரான ஒனெசிபோர் பெக்கேர் என்பார் 1820களின் பிற்பகுதியில் இதனை ஆக்கியளித்தார். வேற்றுமைக்கு இடந்தந்தே இயக்கத்தை நிலைபெறச் செய்யும் இவ்வமைப்பு மோட்டார் வண்டியின் வளர்ச்சிக்கு இன்றியமையாததாயிற்று.

ஆயினும், அமெரிக்காவிலே கால் மைல் நேர்பாதையில் நடைபெறும் 'டிராக்' ஓட்டப்போட்டிகளுக்கு இச்சுதந்திரம் இடையூறாக அமைகின்றது. பிடிப்புக் குறைந்த சில்லு வீணே சுழல, மற்றையது வாளாவிருக்கும். இதனைத் தவிர்க்கும் எளிய வழியே 'மினி ஸ்பூல்' ஆகும். டிபரன்சற் கூட்டினுள் உள்ள சிறு பற்சில்லுகளை அகற்றி, அவற்றினிடத்தே உருக்குக் கட்டியொன்றை வைத்தால், இரு அரையச்சுகளும் ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடும். கூடு முழுவதையும் மாற்றும் முழு ஸ்பூலிலும் இது செலவு குறைந்தது. ஆனால், பழைய கூட்டின் வலிமைக்கு மேற்பட்ட வலிமை இதற்கு வாய்ப்பதில்லை.

கைக்கடங்கும் இச்சிறு பொருள் பொருந்த மறுக்கும்போதுதான் தொழிலாளியின் அறிவு சோதிக்கப்படுகின்றது. 'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்னும் பழமொழி இங்கு பயன்படாது. பொருந்தாமை என்பது பிடிவாதமன்று. அது ஒரு செய்தி.

அச்சு உள்ளே நுழைய மறுத்தால் முதலில் எண்ணவேண்டியவை அச்சுநுனியிலுள்ள ஸ்பிளைன் வரிகளே. போர்ட் நிறுவனத்தின் ஒன்பது அங்குல அச்சில் 28 வரிகளும் உண்டு, 31 வரிகளும் உண்டு. ஜெனரல் மோட்டார்சின் எட்டரை அங்குலப் 'பத்து போல்ட்' அச்சில் 28, 30 என இருவகைகள் உள. கண்பார்வைக்கு இவை ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். எண்ணிப் பார்ப்பதற்குச் செல்லும் ஒரு நிமிடம், அரத்துடன் வீணாகும் ஒரு பகலைத் தவிர்க்கும்.

குறுக்காணி துளையினூடே செல்லாவிடின், கூட்டின் துளையும் ஸ்பூலின் துளையும் நேர்க்கோட்டில் உள்ளனவா, விளிம்பிற் பிசிறு உண்டா என நோக்கவேண்டும். பழைய வாசர்களை மீள இடுவதா, விடுவதா என்பது ஸ்பூலை ஆக்கியோரின் குறிப்பைப் பொறுத்தது. ஒரு வாசர் கூடினாலும் குறைந்தாலும் துளைகள் விலகக்கூடும். 'சி' வடிவக் கொளுவியால் அச்சைப் பிடிக்கும் வண்டிகளில், கொளுவியை இட்டபின் அச்சை வெளிப்புறமாக இழுத்தாலன்றி அது தன் குழியில் அமராது. அமராத கொளுவி ஆணியைத் தடுக்கும். சில வண்டிகளில் தடித்த வளையப் பற்சில்லே ஆணியின் வழியை மறிப்பதுமுண்டு.

போர்ட் ஒன்பது அங்குல அச்சிலோ, கூட்டைப் பிரிப்பதற்கு வளையப் பற்சில்லையும் கழற்றவேண்டும். ஆதலால் பேரிங் மூடிகளை முன்னரே அடையாளமிடுதலும், மீளப் பூட்டியபின் பற்களுக்கிடையேயுள்ள இடைவெளியை அளந்து சரிசெய்தலும் தவிர்க்கவொண்ணாதன. அவ்விடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்திற் சில பங்கே. அதனைக் கண்மதிப்பால் அறிய எவராலும் இயலாது.

இனி, பிழையல்லாத ஒன்றைப் பிழையென மயங்குவாருமுளர். பூட்டி முடித்தபின் ஒரு சில்லைச் சுழற்ற, மற்றையதும் அதே திசையிற் சுழலும். வளைவிலே டயர்கள் தேய்ந்து கீச்சிடும். இவை பழுதுகளல்ல, வேறுபடும் உரிமையைப் பறித்தமைக்கு அப்பொறி செலுத்தும் விலையாகும். நேர்பாதையில் அவ்விலை சிறிது. ஈரம் படிந்த பொதுவீதியிலோ அது பெரிது. அங்கு இதனைப் பூட்டாதிருத்தலே அறிவுடைமை.

பொருத்தத்திற் செய்யும் சிறு பிழை உயிருக்கு ஊறாகவும் முடியலாம். பூட்டிய இரு சில்லுகளுள் ஒன்று பிடிப்பிழந்தால், எஞ்சினின் முறுக்குவிசை முழுவதையும் மற்றைய அரையச்சு தனியே தாங்கநேரும். 'சி' கொளுவி அச்சின் உள்நுனியிலேயே உள்ளது. எனவே அச்சு இடையில் முறிந்தால், முறிந்த துண்டோடு சில்லும் வண்டியை விட்டு வெளியேறக்கூடும். 1951 இல் தோன்றிய அமெரிக்கத் தேசிய ஹொட் றொட் சங்கம், டிபரன்சல் பூட்டப்பட்ட வண்டிகளுக்கு வலிமைமிக்க மாற்று அச்சுகளையும் அவற்றை வெளிநுனியிற் பற்றிநிறுத்தும் அமைப்பையும் விதித்திருப்பது இதனாலேயே.

சுத்தியலை ஓங்குபவன் பொருளின் மறுப்பை அடக்கிவிடலாம். ஆனால் அம்மறுப்பின் காரணம் உள்ளேயே தங்கிவிடும். நூறு மைல் வேகத்திலே அது மீண்டும் பேசும்போது கேட்பதற்கு அவகாசம் இராது. பட்டறையின் அமைதியிலே, கையிலே ஆணியும் எதிரிலே விலகிய துளையுமாக நிற்கும் வேளையே அதனைக் கேட்டறிதற்குரிய வேளை.