முன்பணம்

2023இல் அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக அப்பாவின் வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க நேர்ந்தது. பெங்களூரு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் 19 ஆண்டுகள் லேத் ஓட்டிய சேமிப்பு அது. படிவம் 31ஐ நிரப்பியவன் நான். எனது ஆய்வு உதவித்தொகை நான்கு மாதங்களாக வந்திருக்கவில்லை.

68ஜே பிரிவின்படி, ஆறு மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், அல்லது தொழிலாளியின் பங்கும் அதன் வட்டியும், இவற்றில் எது குறைவோ அதுவே அப்போது கிடைத்தது. சம்பளச் சீட்டில் அடிப்படையைக் குறைத்து, மிச்சத்தை வெவ்வேறு படிகளாக எழுதியிருந்ததன் பொருள் அன்றுதான் விளங்கிற்று. இருந்ததில் சிறு பகுதியே தேறியது.

விதி இதனை முன்பணம் என்றது. மொழியியல் படித்தவனுக்கு அச்சொல் உறுத்தியது. முன்பணம் என்றால் பின்னர் கழிக்கப்பட வேண்டும். இதையோ திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஓய்வுபெறப்போகும் அப்பாவிடமிருந்து இன்றைய அப்பா வாங்குகிறார், அவ்வளவே.

ஓடிபி அவருடைய கைப்பேசிக்கு வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக வாசித்தவர், ஐந்தாவதோடு நிறுத்தினார்.

"உனக்கும் பணம் வரலைன்னியே, இதுலயே கொஞ்சம் சேத்து எடுத்துக்கலாமாடா?"

"முடியாதுப்பா."

ஆறாவது எண்ணைச் சொன்னார்.